ஷீல்டுக்கு முந்திய இருபத்திரண்டு ஆண்டுகள்

கொல்கத்தா மைதானத்தின் கதை - 5

சென்ற இதழில் சோவாபஜார் கழகத்தை 1892-ஆம் ஆண்டில் விட்டுவிட்டு வந்தோம். டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவின் அணியை 2-1 என்று தோற்கடித்து, வெள்ளைக்காரச் சிப்பாய்களைப் போட்டி ஆட்டத்தில் வென்ற முதல் இந்தியக் கழகம் என்று அது பேர் வாங்கிய ஆண்டு அது. குயவர் வீட்டுப் பிள்ளை மணி தாஸைச் சேர்க்கக் கூடாது என்று பெரிய வீட்டுப் பையன்கள் முரண்டு பிடித்தார்கள். உடனே தான் கட்டிய வெல்லிங்டன் கழகத்தையே உதறிவிட்டு நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரி தொடங்கிய கழகம்தான் சோவாபஜார். இந்த இதழில் அங்கிருந்து இன்னும் கொஞ்சம் வடக்கே, ஷியாம்பஜார் பக்கம் போகிறோம். மோகன் பாகன் பிறந்த தெருக்கள் அங்கேதான் இருக்கின்றன.

மோகன் பாகன் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது ஒரே ஒரு தேதி: 1911 ஜூலை 29. பதினொரு இளைஞர்கள், அவர்களில் பத்துப் பேர் வெறுங்காலோடு, பூட்ஸ் போட்ட ஆங்கிலச் சிப்பாய்களை வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டை எடுத்த நாள். இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் அந்த வெறுங்காலைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். எனக்கு இதில் நெடுநாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. பூட்ஸ் இல்லாமல் ஆடியவர்கள் அன்றைக்கு வங்காளம் முழுக்க இருந்தார்கள். சென்னையிலும் இருந்தார்கள். ஷீல்டை எட்டிப்பிடித்தது மட்டும் ஒரே ஒரு கழகம். அந்தக் கழகம் ஷீல்டு வெல்வதற்கு முன் இருபத்திரண்டு ஆண்டுகள் என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்கிறவர்கள் குறைவு. சந்தா வாங்கியது, மைதானம் தேடியது, விதி எழுதியது, தோற்றது, மறுபடி தோற்றது, கோப்பைகளை ஒவ்வொன்றாக எடுத்தது. இந்த அத்தியாயத்தின் பெரும்பகுதியை அந்த ஆண்டுகளுக்கே கொடுக்கப் போகிறேன்.

வடக்குக் கல்கத்தாவில் ஃபரியாபுகூர் என்றொரு பகுதி. அங்கே கீர்த்தி மித்ராவுக்குச் சொந்தமான பெரிய பளிங்கு மாளிகை ஒன்று இருந்தது. பெயர் மோகன் பாகன் வில்லா. மாளிகையை ஒட்டிய திறந்த வெளியில் அக்கம்பக்கத்துப் பையன்கள் பந்து உதைத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பகுதியின் மித்ரா, போஸ், சென் குடும்பங்கள் சேர்ந்து இதை ஒரு முறையான கழகமாக்கலாம் என்று முடிவெடுத்தன. 1889 ஆகஸ்ட் 15 அன்று பலராம் கோஷ் தெரு 14-ஆம் எண் வீட்டில் கூட்டம் நடந்தது. தலைமை வகித்தவர் பூபேந்திரநாத் போஸ். கழகத்துக்கு மோகன் பாகன் ஸ்போர்ட்டிங் கிளப் என்று பெயர் வைத்தார்கள். முதல் தலைவர் பூபேந்திரநாத். முதல் செயலாளர் ஜதீந்திரநாத் போஸ்.

பூபேந்திரநாத்தைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தொழிலால் அட்டர்னி, காங்கிரஸில் மிதவாதி. கழகம் தொடங்கியபோது வயது முப்பது. இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1914-ல், சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் இவர்தான். அன்றைக்கு அவரைப் பார்க்கக் கூடிய சென்னைக்காரர்களுக்கு, இவர் ஒரு கால்பந்துக் கழகத்தின் முதல் தலைவர் என்பது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்குமோ! சட்டம் படித்தவர், நிர்வாகம் தெரிந்தவர், தெருவில் எல்லோரும் மதிக்கிற மனிதர். ஒரு தெருக் கழகத்துக்கு ஆரம்பத்தில் இப்படி ஒருவர் கிடைப்பது பெரிய அதிர்ஷ்டம். நம்மூர்க் கழகங்களில் பாதி, நல்ல ஆட்டக்காரர் இல்லாமல் மூடவில்லை. கணக்கு எழுதவும் கூட்டம் கூட்டவும் ஆள் இல்லாமல்தான் மூடின.

கழகத்தின் பெயர் ஓராண்டிலேயே மாறியது. முதல் ஆண்டு விழாவுக்கு மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் எஃப்.ஜே. ரோ வந்திருந்தார் (கல்கத்தா மாநிலக் கல்லூரி; நம் சேப்பாக்கத்துக் கல்லூரி அல்ல). துப்பாக்கி சுடுதல், மீன்பிடித்தல் இதெல்லாம் உங்கள் கழகத்தில் உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். அப்படியானால் ஸ்போர்ட்டிங் என்பது பொருந்தாது, அத்லெடிக் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிலிருந்து மோகன் பாகன் அத்லெடிக் கிளப். சொன்னவர் ஆங்கிலேயர், காரணம் நியாயமானது, ஏற்றுக்கொண்டார்கள். இதை நான் குறிப்பிடக் காரணம் உண்டு. பிற்காலத்தில் இந்தக் கழகத்தின் மேல் ஏற்றிவைக்கப்பட்ட ஆங்கிலேய எதிர்ப்பு தொடக்கத்தில் அதற்கு இல்லை. ஒழுக்கமாக, உடம்பைத் தேற்றிக்கொண்டு, பிள்ளைகள் வளர வேண்டும் என்பதுதான் அந்தத் தெருப் பெரியவர்களின் எண்ணம்.

அந்த எண்ணத்துக்குப் பின்னால் ஒரு காயம் இருந்தது. வங்காளி உடல் பலமில்லாதவன், கோழை, எழுத்து வேலைக்கே லாயக்கு என்று ஆங்கிலேயர்கள் விடாமல் எழுதிக்கொண்டிருந்த நூற்றாண்டு அது. வாரன் ஹேஸ்டிங்ஸ் பற்றிய கட்டுரையில் மெக்காலே 1841-லேயே இதை எழுதிவைத்துவிட்டார். அதைப் பாடமாகப் படித்து வளர்ந்த தலைமுறைதான் கல்கத்தாவில் தெருவுக்குத் தெரு உடற்பயிற்சிக் கூடங்களைத் திறந்தது. கால்பந்தும் அந்த வழியாகத்தான் படித்த வீடுகளுக்குள் நுழைந்தது.

பிள்ளைகள் ஒழுக்கமாக வளர வேண்டும் என்ற பெரியவர்களின் கண்டிப்பைக் கழக விதிகளில் பார்க்கலாம். கழகத்தில் புகைக்கக் கூடாது, குடிக்கக் கூடாது. மாணவராக இருக்கும் உறுப்பினர் படிப்பில் பின்தங்கினால் ஆட்டத்தில் இடமில்லை. பந்து விளையாடினால் படிப்பு கெடும் என்று பயந்த பெற்றோருக்கு இதைவிட நல்ல பதில் வேறு கிடையாது. பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பும் வீடு, கழகத்தை நம்பி அனுப்பியது. இந்த நம்பிக்கை இருந்ததால் கழகத்துக்கு ஆண்டுதோறும் புதுப் பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

மைதானம் கிடைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. மாளிகைத் திடல் நீடிக்கவில்லை. ஷியாம்புகூரில் மகாராஜா துர்காசரண் லாஹா தம் இடத்தைக் கொடுத்தார். அங்கிருந்து ஷியாம் சதுக்கத்துக்கு மாறினார்கள்; அது மாநகராட்சி இடம். கடைசியில், 1900-ஐ ஒட்டி, பெரிய மைதானத்தில் மாநிலக் கல்லூரியின் ஆடுகளத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும் வாய்ப்பு வந்தது. ஃபரியாபுகூரிலிருந்து பெரிய மைதானத்துக்குத் தூரம் சில மைல்தான். கடக்கப் பதினோரு ஆண்டுகள் ஆயின.

பெரிய மைதானம் என்றால் என்ன என்பதை முதல் அத்தியாயத்தில் எழுதியிருக்கிறேன். புதிய வாசகர்களுக்காக இரண்டு வரி. வில்லியம் கோட்டையைச் சுற்றி, பீரங்கிகள் தடையில்லாமல் சுடுவதற்காக மரம் வெட்டிக் குடியிருப்பை அகற்றி வெட்டவெளியாக விட்ட நிலம் அது. பட்டாளத்தின் பொறுப்பில் இருந்தது. நிலையான கட்டடம் எழுப்ப முடியாது. அதனால்தான் கல்கத்தாக் கழகங்கள் இன்றுவரை தங்கள் இருப்பிடத்தைக் கூடாரம் என்றே சொல்கின்றன. அந்த நிலத்தில் ஒரு ஆடுகளம் கிடைத்தால்தான் பட்டாள அணிகளோடும் கல்கத்தா, டல்ஹௌஸி போன்ற வெள்ளைக்காரக் கழகங்களோடும் அன்றாடம் கண்ணுக்குக் கண் பார்த்துப் பழக முடியும்.

முதல் பத்து ஆண்டுகளில் மோகன் பாகன் எதையும் வெல்லவில்லை. 1893-ல் கூச் பிஹார் கோப்பையில் முதல் முறை இறங்கியது. அதே 1893-ல்தான் இந்தியக் கால்பந்து சங்கமாகிய ஐ.எஃப்.ஏ.வும் அதன் ஷீல்டும் பிறந்தன. அந்த முதல் ஷீல்டில் ஆடிய ஒரே இந்தியக் கழகம் சோவாபஜார். மோகன் பாகன் அப்போது அந்த வரிசையிலேயே இல்லை.

மாற்றத்தைக் கொண்டுவந்தவர் சைலேன் போஸ். பட்டாளத்தில் சுபேதார் மேஜராக இருந்தவர். 1900-ல் செயலாளர் ஆனார். அவர் கொண்டுவந்தது பட்டாளத்துப் பயிற்சி. பந்தைத் தொடுவதற்கு முன் உடம்பு தயாராக வேண்டும் என்றார். அதுவரை இந்திய அணிகள் சாயங்காலம் கூடிப் பந்து உதைத்துவிட்டுக் கலைந்தன. பயிற்சி என்று தனியாக ஒன்றும் கிடையாது. எதிரே நிற்கும் ரெஜிமென்ட் அணியோ நாள் முழுக்க உடற்பயிற்சியில் இருப்பவர்களைக் கொண்டது. முதல் பாதியில் ஈடுகொடுத்து இரண்டாம் பாதியில் மூச்சு வாங்கித் தோற்பது இந்திய அணிகளுக்கு வழக்கம். மூச்சு வாங்காமல் கடைசி நிமிடம் வரை ஓடும் அணி ஒன்றை சைலேன் போஸ் உருவாக்கினார். 1911 இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களைப் படிக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இவர்தான். ஆடுகளத்தில் இல்லாத இவர் பெயர் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய பெயர்.

பலன் கிடைக்க நான்கு ஆண்டுகள் பிடித்தன. 1904-ல் கூச் பிஹார் கோப்பை. கழகத்தின் முதல் வெற்றி. 1905-ல் ஹூக்ளிக் கரையில் சின்சுராவில் கிளாட்ஸ்டன் கோப்பை. இறுதியில் எதிரே நின்றது டல்ஹௌஸி. அதே ஆண்டில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வென்றிருந்த கழகம். மோகன் பாகன் 6-1 என்று வென்றது. இந்த ஒரு ஆட்டத்தை 1911-ன் வெற்றிக்கு நிகராக நான் மதிக்கிறேன். ஷீல்டு வென்றவனை ஆறு கோல் போட்டு அனுப்பிவிட்ட பிறகு, ஷீல்டு எட்டாக் கனி என்று யாரும் அந்தக் கழகத்துக்குள் நினைத்திருக்க முடியாது. தொடர்ந்து 1906, 1907, 1908 மூன்று ஆண்டும் டிரேட்ஸ் கோப்பை அவர்களுக்கே.

இந்த வெற்றிகள் வந்த காலத்தையும் பார்க்க வேண்டும். 1905 அக்டோபர் 16 அன்று கர்சன் வங்காளத்தை இரண்டாக வெட்டினார். சுதேசி இயக்கம், அந்நியத் துணி எரிப்பு, ஊர்வலம், சிறை என்று மாகாணம் கொந்தளித்தது. கழகம் அதில் ஒரு அமைப்பாக இறங்கவில்லை. ஆனால் மைதானத்துக்குப் பார்க்க வந்தவர்கள் இந்தக் கொந்தளிப்போடுதான் வந்தார்கள். வெள்ளைக்கார அணிக்கு எதிராக விழும் ஒவ்வொரு கோலுக்கும் இப்போது வேறு அர்த்தம் வந்துவிட்டது. ஆடியவர்கள் மாறவில்லை, பார்த்தவர்கள் மாறினார்கள். கழகத்தை நாட்டின் கழகமாக்கியது அந்தக் கூட்டம்தான்.

1909-ல் மோகன் பாகன் முதல் முறையாக ஐ.எஃப்.ஏ. ஷீல்டில் இறங்கியது. கார்டன் ஹைலாண்டர்ஸ் படைப்பிரிவு 3-0 என்று தோற்கடித்து அனுப்பியது. 1908 முதல் 1910 வரை மூன்று ஆண்டும் ஷீல்டை வைத்திருந்த அணி அது. தோல்வியில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1910-லும் சீக்கிரமே வெளியேறினார்கள். மூன்றாவது முறைதான் 1911.

ஆடிய பதினொரு பேரைச் சொல்லிவிடுகிறேன். கோல்கீப்பர் ஹீராலால் முகர்ஜி. பின்வரிசையில் பூட்டி சுகுல், சுதீர் சாட்டர்ஜி. நடுவரிசையில் மன்மோகன் முகர்ஜி, ராஜேன் சென்குப்தா, நீல்மாதவ் பட்டாச்சார்யா. முன்வரிசையில் கானு ராய், ஹாபுல் சர்க்கார், அபிலாஷ் கோஷ், பிஜய்தாஸ் பாதுரி, ஷிப்தாஸ் பாதுரி. கேப்டன் ஷிப்தாஸ். பிஜய்தாஸும் ஷிப்தாஸும் அண்ணன் தம்பி. சொந்த ஊர் கிழக்கு வங்காளத்து ஃபரீத்பூர். இடது பக்கத்தில் இருவரும் அடுத்தடுத்து நின்று ஆடினால் யாரிடம் பந்து இருக்கிறது என்று எதிரணிக்குக் குழப்பம் வரும் என்பார்கள்.

இவர்களுக்கு ஆட்டத்தால் ஒரு காசு வருமானம் கிடையாது. ஹீராலால் செங்கல் சூளையில் வேலை பார்த்தவர். ஷிப்தாஸ் அரசாங்கக் கால்நடைத் துறையில் இருந்தார். மன்மோகன் பொதுப்பணித் துறை. அபிலாஷும் ராஜேனும் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரி மாணவர்கள். சுதீர் சாட்டர்ஜி கிறிஸ்தவர். லண்டன் மிஷன் கல்லூரியில் ஆசிரியர், பின்னாளில் பாதிரியார். அணியில் பூட்ஸ் போட்டு ஆடிய ஒரே ஆள் அவர்தான். பூட்டி சுகுல் வங்காளியே அல்லர். வடக்கேயிருந்து வந்து கல்கத்தாவில் குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். ஃபரியாபுகூர்த் தெருப் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய கழகம் இருபத்திரண்டு ஆண்டுகளில் இவ்வளவு தூரம் விரிந்திருந்தது. ஆனால் எல்லாத் திசையிலும் விரியவில்லை என்பதையும் எழுதியாக வேண்டும். கழகத்தை நடத்தியவர்கள் படித்த, உயர்சாதி இந்துக் குடும்பத்தினர். நகரத்து முஸ்லிம் இளைஞர்கள் 1891-லேயே முகம்மதன் ஸ்போர்ட்டிங் என்று தங்களுக்குத் தனிக் கழகம் கண்டிருந்தார்கள்.

ஜூலை 10. முதல் ஆட்டம் செயின்ட் சேவியர்ஸுடன். சுதீர் சாட்டர்ஜிக்குக் கல்லூரியில் விடுப்பு கிடைக்கவில்லை. பத்துப் பேரோடு ஆடி 3-0 என்று வென்றார்கள். ஜூலை 14, ரேஞ்சர்ஸ்: 2-1. ஜூலை 19, ரைஃபிள் பிரிகேட்: 1-0, அடித்தவர் பிஜய்தாஸ். இந்த இடத்திலிருந்துதான் நகரம் விழித்துக்கொண்டது. ஜூலை 24, அரையிறுதியில் மிடில்செக்ஸ் படைப்பிரிவோடு 1-1 என்று சமன். இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம்; 3-0. இறுதியில் எதிரே ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவு.

ஜூலை என்றால் வங்காளத்தில் மழைக்காலம். சேற்றில் பூட்ஸ் பிடித்து நிற்கும், வெறுங்கால் வழுக்கும். காய்ந்த தரையில் வெறுங்கால் பந்தை உணரும், சட்டென்று திரும்பும். அதனால் வானத்தைப் பார்த்துக்கொண்டேதான் கழகத்தார் அந்த மாதத்தைக் கழித்தார்கள். இதை மறுப்பவர்கள் 1923 ஷீல்டு இறுதியைப் பார்க்கலாம். கோஷ்ட பால் போன்ற பின்வரிசை ஆட்டக்காரர் இருந்தும், நீர் தேங்கிய ஆடுகளத்தில் கல்கத்தா கழகத்திடம் மோகன் பாகன் 3-0 என்று தோற்றது. வெறுங்காலால் ஆனதும் உண்டு, ஆகாததும் உண்டு.

1911 ஜூலை 29, சனிக்கிழமை. ஆட்டம் கல்கத்தா ஃபுட்பால் கிளப் ஆடுகளத்தில். கூட்டம் அறுபதாயிரம் என்றும் எண்பதாயிரம் என்றும் கணக்கிட்டார்கள். கிழக்கிந்திய ரயில்வே சிறப்பு ரயில் விட்டது. ஆற்று வழியே கூடுதல் நீராவிப் படகுகள் வந்தன. டாக்காவிலிருந்தும் அசாமிலிருந்தும் பாட்னாவிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். டிக்கெட் பல மடங்கு விலைக்குக் கைமாறியது. ஏறி நின்று பார்க்கப் பெட்டிகளை வாடகைக்கு விட்டார்கள். சுற்றிலும் இருந்த மரங்களில் கிளைக்குக் கிளை ஆள். பின்னால் நின்றவர்களில் பெரும்பாலோருக்கு ஆடுகளமே தெரியாது. அவர்களுக்காக ஒரு ஏற்பாடு செய்திருந்தார்கள்: கோல் நிலவரத்தைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டார்கள். இத்தனைக்கும் ரேடியோ இந்தியாவில் கால் வைக்காத காலம்.

முதல் பாதியில் கோல் இல்லை. இரண்டாம் பாதியில் ஈஸ்ட் யார்க்ஷயரின் சார்ஜென்ட் ஜாக்சன் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டார். வானத்தில் ஏறிய காற்றாடியைப் பார்த்துக் கூட்டம் வாயடைத்துப் போயிற்று. சில நிமிடங்களில் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். நழுவிப்போவதில் பேர் பெற்றவர் அவர். ஆங்கிலேயர்களே அவருக்கு அப்படிப் பட்டப்பேர் வைத்திருந்தார்கள். முடிய இரண்டே நிமிடம் இருக்கும்போது ஷிப்தாஸ் மறுபடி பின்வரிசையைக் கடந்தார். தானே அடித்திருக்கலாம். அபிலாஷ் கோஷுக்குத் தள்ளினார். அபிலாஷ் அடித்தார். 2-1. கொஞ்ச நேரத்தில் ரெஃப்ரி புல்லர் விசில் ஊதினார்.

அதன்பின் நடந்ததைப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. சட்டையையும் குடையையும் மேலே வீசினார்கள். குதிரை வண்டியில் ஆட்டக்காரர்களை ஏற்றி ஷியாம்பஜார் வரை ஊர்வலம் போயிற்று. முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தார் தங்கள் இந்து சகோதரர்களின் வெற்றியில் தரையில் புரண்டு மகிழ்ந்ததாக முசல்மான் பத்திரிகை எழுதியது. ஆறு ஆண்டுகளுக்கு முன் சமயத்தின் பேரில் மாகாணத்தைக் கூறுபோட்ட அரசு இருந்த நகரத்தில் இது சின்ன விஷயம் அல்ல. நாயக் பத்திரிகையோ, சோறு தின்று மலேரியாவில் அடிபட்ட வெறுங்கால் வங்காளி, மாட்டிறைச்சி தின்று கொழுத்த பூட்ஸ்கால் ஆங்கிலேயனை அவன் ஆட்டத்திலேயே வென்றான் என்ற பொருளில் எழுதியது. வெறுங்கால் கதை அன்று பிறந்தது. மெக்காலேக்கு எழுபது ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்று பார்த்தால், அந்த மகிழ்ச்சியை நான் முழுமனதோடு ஏற்கிறேன்.

இன்னொரு கதையும் உண்டு. மைதானத்திலிருந்து திரும்பும்போது ஒரு முதியவர் வில்லியம் கோட்டை மேல் பறந்த கொடியைக் காட்டி, அது எப்போது இறங்கும் என்று கேட்டாராம். மோகன் பாகன் அடுத்த முறை ஷீல்டை வெல்லும்போது என்று பதில் கிடைத்ததாம். மோகன் பாகன் இரண்டாவது முறை ஷீல்டை வென்ற ஆண்டு 1947 என்பது உண்மை. உரையாடல் நடந்ததா என்பதைக் கதை சொல்கிறவர்களிடம் விட்டுவிடுகிறேன். அதேபோல் 1911 டிசம்பரில் தில்லி தர்பாரில் வங்கப் பிரிவினையை ரத்து செய்து, தலைநகரையும் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாற்றுவதாக அறிவித்ததை ஷீல்டோடு முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. ஆட்சியாளர்களின் முடிவுக்கு ஆட்சியாளர்களின் காரணங்கள் இருந்தன. கால்பந்தை அதில் இழுப்பது அந்தப் பதினொரு பேருக்கும் பெருமை சேர்க்காது.

அவர்களுக்கு நேர்ந்தது என்ன என்பதுதான் எனக்கு முக்கியம். திங்கள்கிழமை வேலைக்குப் போனார்கள். ஷீல்டை வைத்திருந்த அந்தக் கழகத்துக்குக் கல்கத்தா லீக்கில் இடமில்லை. லீக் வெள்ளைக்கார அணிகளுக்கானது. நாட்டிலேயே பெரிய கோப்பையை வென்ற அணி, பக்கத்து ஆடுகளத்தில் வாராவாரம் நடக்கும் லீக் ஆட்டங்களை வெளியே நின்று பார்த்தது. 1914-ல்தான் மோகன் பாகனையும் ஏரியன்ஸ் கழகத்தையும் இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார்கள். 1915-ல் முதல் டிவிஷனுக்கு வந்தது. அங்கேயும் ஒரு விதி காத்திருந்தது: முதல் டிவிஷனில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் கூடாது. 1925-ல் அந்த விதி உடைந்தது. உடைத்தது ஈஸ்ட் பெங்கால். 1920-ல், மோகன் பாகனுக்கு எதிரான ஒரு ஆட்டத்தில் ஒரு ஆட்டக்காரரைச் சேர்க்காமல் விட்ட சண்டையில் பிறந்த கழகம். அந்தச் சண்டையை அடுத்த இதழில் விரிவாகச் சொல்கிறேன்.

மோகன் பாகன் கல்கத்தா லீக்கை முதல் முறை வென்றது 1939-ல். அந்த அணியின் கேப்டன் பிமல் முகர்ஜி. 1911-ல் நடுவரிசையில் ஆடிய மன்மோகன் முகர்ஜியின் மகன்.

(தொடரும்)